துணிக்கைகளும் அவற்றின் இடைத்தாக்கமும்: சார்பியற் சொட்டு இயக்கவியலின் வரலாற்றில் எலியேசர்

1. தோற்றுவாய்

மட்டக்களப்பு வாவியை அடுத்த கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவினுள், விபுலாநந்த அடிகளாரின் சமாதி அமைந்துள்ளது. 1892 ஆம் ஆண்டிற் காரைதீவிற் பிறந்து 1947 ஆம் ஆண்டு யூலை 19 ஆந் திகதி மறைந்த அடிகளாரைத் தமிழுலகம் யாழ் நூலின் ஆசிரியராகவும் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும் போற்றி வருகின்றது. அவர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி என்பதும், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பதும், 1936 ஆம் ஆண்டிற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் என்பதும் அத்துணை நினைவுகூரப்படுவதில்லை. விஞ்ஞானத்தைத் தமிழிற் கூறல் வேண்டும் என்பது அவருடைய வாழ்நாட் கொள்கைகளுள் ஒன்றாக இருந்தது.

அடிகளார் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றது 1943 ஆம் ஆண்டிலாகும். அதே ஆண்டிற் கேம்பிரிட்ஜ் மெய்யியற் கழகத்தின் வெளியீடொன்றில், ஐதரசன் அணுவையும் கதிர்வீசலின் பழங்கொள்கையையும் பற்றிய ஆய்வுக்கட்டுரை ஒன்று அச்சேறியது. அதனை எழுதியவர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் என்னும் இலங்கைத் தமிழர். ஆண்டு ஒன்றாக அமைந்தது தற்செயலே. ஆயினும், விஞ்ஞானம் பயின்ற ஒருவர் தமிழ்ப் பீடத்தில் அமர்ந்த அதே ஆண்டிலே தமிழர் ஒருவர் விஞ்ஞானத்தின் மிகக் கடினமான வினாக்களுள் ஒன்றினைக் கையிலெடுத்தார் என்பது, நம்மவரின் அறிவு வரலாற்றை எழுதப் புகுவோர் ஒருங்கே வைத்து நோக்கற்பாலது.

எலியேசர் 1918 ஆம் ஆண்டிற் பிறந்தவர். கேம்பிரிட்ஜிற் போல் டிராக்கின் மாணவராக விளங்கியவர். 1949 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியரானவர். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்திலும், 1968 ஆம் ஆண்டு முதல் மெல்பேணிலுள்ள லா திரோப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்து, 2001 ஆம் ஆண்டில் அந்நகரிற் காலமானவர். அவர் டிராக்கிடம் பயின்றார் என்பதைத் தமிழர் பலர் அறிவர். புலம்பெயர்ந்த நாட்டில் அவர் ஆற்றிய சமூகப் பணிகளையும் அறிவர். ஆனால் டிராக்கிடம் பயின்று அவர் கண்டறிந்தது யாது என வினவின், விடை கூற வல்லார் மிகச் சிலரே. பெயரை நினைவில் வைத்துப் பொருளை மறத்தல் ஓர் அறிஞருக்குச் செய்யும் முழு மரியாதை ஆகாது. எனவே அவர் கண்டறிந்தது யாது, அஃது எந்த வரலாற்றின் பகுதி, அதன் பெறுமதி இன்று யாது என்னும் மூன்றினையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வினாவின் இயல்பு

ஒன்றையொன்று தாக்கும் பல துணிக்கைகளின் இயக்கத்தைக் கூறுதல் நியூற்றனின் இயக்கவியலிற் கொள்கையளவில் எளிது. ஒரு கணத்தில் ஒவ்வொரு துணிக்கையும் எங்குள்ளது, எவ்வேகத்துடன் செல்கின்றது என்பன தெரிந்தாற் போதும். ஒவ்வோர் இணைக்கும் இடையிலுள்ள விசையை அவற்றின் தூரத்தைக் கொண்டு கணிக்கலாம். ஞாயிறு பூமியை ஈர்க்கும்போது அவ்வீர்ப்பு இடையிலுள்ள வெளியைக் கடந்துவரக் காலம் எதுவும் செல்வதில்லை என நியூற்றனின் சூத்திரம் கொள்கின்றது.

1905 ஆம் ஆண்டில் ஐன்ஸ்ரைன் வெளியிட்ட சார்பியற் கொள்கை இவ்வெளிமையைக் குலைத்தது. ஒளியினும் விரைவாக எத்தாக்கமும் செல்லவியலாது. அதுமட்டுமன்று, தூரத்தே நிகழும் இரு நிகழ்ச்சிகள் ஒரே கணத்தில் நிகழ்ந்தனவா என்பதில், வெவ்வேறு வேகத்துடன் செல்லும் நோக்குநர்கள் உடன்படமாட்டார்கள். மட்டக்களப்பு வாவியின் நீளம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர். அதன் வடமுனையிலிருந்து தென்முனையை ஒளி அடைவதற்கு ஒரு செக்கனைப் பத்தாயிரங் கூறாக்கியதில் ஏறக்குறைய இரண்டு கூறு வேண்டும். அச்சிறு இடைவெளிக்குள் வடமுனையிலே விளக்கொன்றும் தென்முனையிலே விளக்கொன்றும் ஏற்றப்பட்டால், எது முந்தியது என்பதற்கு எல்லா நோக்குநர்க்கும் பொதுவான விடை இல்லை. அங்ஙனமாயின், 'இக்கணத்திற் பல துணிக்கைகள் உள்ள நிலை' என்னும் சொற்றொடரே, யாருடைய கணம் என்னும் கேள்வியை எழுப்புகின்றது.

இதற்குக் கண்ட பரிகாரம் புலம் என்னும் கருத்தாகும். வாவியில் இரு தோணிகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன என்க. ஒன்று அசையும்போது எழும் அலை மற்றதனைச் சென்றடைந்த பின்னரே மற்றது ஆடும். இடைப்பட்ட நேரத்தில் அவ்வசைவின் சக்தி முதலாந் தோணியிலும் இல்லை, இரண்டாந் தோணியிலும் இல்லை, நீரில் உள்ளது. மின்னேற்றமுடைய துணிக்கைகளுக்கு இடையே இந்நீரின் தொழிலைச் செய்வது மின்காந்தப் புலம். எனவே சார்பியலில் துணிக்கைகளின் கணக்கைத் துணிக்கைகளை மட்டும் கொண்டு முடித்தல் அரிது. புலத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

இவ்வுவமையில் இன்னொன்றும் அடங்கியுள்ளது. தோணி எழுப்பும் அலை தூரத்துத் தோணியை மட்டுமன்றி, எழுப்பிய தோணியையும் தாக்கும். அவ்வாறே இலத்திரன் ஒன்று தான் எழுப்பிய புலத்தினால் தானே தாக்கப்படுகின்றது. அளவற்ற சிறுமையுடைய புள்ளியாக இலத்திரனைக் கருதினால், இத்தன்தாக்கத்தின் சக்தி முடிவிலியாகி விடுகின்றது. நம் வரலாற்றின் பெரும் இடர்கள் யாவும் ஏதோ ஒரு வகையில் இவ்விடத்திலிருந்தே கிளைக்கின்றன.

3. ஒரு துணிக்கையிலிருந்து பல துணிக்கைகளுக்கு

1926 ஆம் ஆண்டில் ஷ்ரோடிங்கர் தந்த சமன்பாடு சக்திச்சொட்டு இயக்கவியலை, அதாவது குவாண்டம் இயக்கவியலை, எத்தனை துணிக்கைகளுக்கும் விரிக்க இடந்தந்தது. ஆனால் அது சார்பியலுக்கு அமைவானதன்று. 1928 ஆம் ஆண்டில் டிராக் தம் புகழ்பெற்ற சமன்பாட்டினால் ஓர் இலத்திரனுக்குச் சார்பியலையும் சொட்டுக் கொள்கையையும் இணைத்தார். இலத்திரனின் தற்சுழற்சி அதிலிருந்து தானாகவே வெளிப்பட்டது. உடன், மறைச் சக்தி நிலைகள் என்னும் எதிர்பாராத ஒன்றும் வந்து சேர்ந்தது. இந்நிலைகளைப் பொருள்கொள்ள முயன்றதன் விளைவாகவே எதிர்த்துணிக்கைக் கருத்துத் தோன்றியது. 1932 ஆம் ஆண்டிற் பொசித்திரன் பரிசோதனையிற் கண்டுபிடிக்கப்பட்டது.

ஓர் இலத்திரனுக்கு நிகழ்ந்த இவ்வெற்றி இரு இலத்திரன்களுக்கு எளிதிற் கிட்டவில்லை. 1929 ஆம் ஆண்டில் கிரெகரி பிரைற் என்பார் ஈலியம் அணுவை மனத்திற் கொண்டு இரு இலத்திரன்களுக்கான சமன்பாடொன்றை அமைத்தார். அது தோராயமானது, அதன் ஒரு பகுதியை அளவுமீறிப் பயன்படுத்தினாற் பிழையான விடை தரும். 1932 ஆம் ஆண்டில் டிராக், ஒவ்வொரு துணிக்கைக்கும் தனித்தனிக் காலத்தை வழங்கும் பல்காலக் கொள்கையை முன்வைத்தார். ஒரே கணம் என்பது பொதுவன்று எனின், ஒவ்வொன்றுக்கும் அதனதன் காலத்தைக் கொடுப்போம் என்பதே அதன் உட்கருத்து. டிராக், ஃபொக், பொடொல்ஸ்கி ஆகிய மூவரும் அதே ஆண்டில் இதனை மேலும் வளர்த்தனர்.

இக்காலத்திற் பல இலத்திரன்களைச் சார்பியல் முறையில் ஆராய்ந்து பெருவெற்றி கண்டவர் சென்னை மாநிலக் கல்லூரியின் மாணவராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1930 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பற் பயணத்தின்போது அவர் தொடங்கிய கணிப்பு, வெள்ளைக் குறளி எனப்படும் விண்மீன்களின் திணிவுக்கு மேலெல்லை ஒன்றுண்டு என நிறுவியது. அவ்வெல்லை ஞாயிற்றின் திணிவைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. 1983 ஆம் ஆண்டு நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. எனினும் அவருடைய கணிப்பில் இலத்திரன்கள் ஒன்றையொன்று தாக்காத இலட்சிய வாயுவாகவே கொள்ளப்பட்டன. பல துணிக்கைகள் உண்டு, சார்பியல் உண்டு, சொட்டுக் கொள்கையும் உண்டு, இடைத்தாக்கம் மட்டும் இல்லை. விண்மீன் உள்ளே அடர்த்தி மிகுதியாதலின் இவ்விடுபாடு அங்கே பெருங்குறையாகவில்லை. ஓர் அணுவின் நுண்ணிய அமைப்பை அறியப் புகுவோர் இடைத்தாக்கத்தை இவ்வாறு ஒதுக்கிவிட்டு ஓரடியும் வைத்தல் இயலாது.

4. டிராக்கின் வழியும் எலியேசரின் தேற்றமும்

1930 களின் பிற்பகுதியில், இலத்திரனும் புலமும் சேர்ந்த சொட்டுக் கொள்கை முடிவிலிகளினால் நிறைந்து காணப்பட்டது. டிராக் இதற்கொரு காரணம் கண்டார். சொட்டுக் கொள்கை எப்பழங்கொள்கையின்மீது எழுப்பப்பட்டதோ அப்பழங்கொள்கையே பழுதுடையது; அடித்தளத்தைச் சீர்செய்யாமல் மாடியைச் சீர்செய்தல் பயன் தராது என்பது அவர் கருத்து. இதன்படி 1938 ஆம் ஆண்டில், கதிர்வீசும் இலத்திரனுக்கான பழம்பௌதிகச் சமன்பாடொன்றை முடிவிலிகள் எஞ்சாதவாறு அவர் வருவித்தார். தன்தாக்கத்தின் முடிவிலிப் பகுதி இலத்திரனின் திணிவினுள் அடக்கப்பட்டது. எஞ்சிய பகுதி, இலத்திரன் கதிர்வீசுவதனால் அதன்மீது ஏற்படும் எதிர்த்தாக்கமாக அமைந்தது.

இச்சமன்பாட்டில் ஒரு புதுமை உண்டு. பள்ளியிற் கற்கும் இயக்கவியலில் விசை ஆர்முடுகலைத் தீர்மானிக்கின்றது. டிராக்கின் சமன்பாட்டிலோ ஆர்முடுகல் மாறும் வீதமும் இடம்பெறுகின்றது. இதன் விளைவுகள் வியப்புக்குரியன. புறவிசை ஏதுமில்லாத இடத்திலும் இலத்திரன் தானே மேன்மேலும் ஆர்முடுகிச் செல்லும் தீர்வுகள் தோன்றுகின்றன. அத்தகைய தீர்வுகளை விலக்க முற்பட்டால், விசை தாக்குவதற்குச் சற்று முன்னரே இலத்திரன் அசையத் தொடங்குகின்றது. இம்முன்னசைவின் கால அளவு ஏறத்தாழ 6 ஐ ஒன்றின்பின் 24 பூச்சியங்கள் கொண்ட எண்ணால் வகுத்த செக்கன். எந்தக் கருவியும் அளக்கவியலாத சிறுமை. ஆதலின் இதனைப் பொறுத்துக் கொள்ளலாம் எனப் பலர் எண்ணினர்.

பொறுத்துக்கொள்ள இயலாத ஒன்று உண்டு என்பதைக் காட்டியவர் எலியேசர். அவர் எடுத்துக்கொண்டது உலகின் மிக எளிய அணு: ஒரு புரோத்தன், ஒரு இலத்திரன். எதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்பது பௌதிகத்தின் முதற் பாடம். கதிர்வீசிச் சக்தியை இழக்கும் இலத்திரன் சுருள்வழியிற் சென்று புரோத்தனில் விழும். அதற்கு ஒரு செக்கனை நூறு கோடியால் வகுத்து, வந்ததை மீண்டும் நூறால் வகுத்தால் வரும் சிறு பொழுதே செல்லும் என்பது பழைய கணக்கு. அணுக்கள் அவ்வாறு அழியவில்லையே என்ற வியப்பிலிருந்தே 1913 ஆம் ஆண்டில் போரின் அணுக்கொள்கை பிறந்தது.

எலியேசர் டிராக்கின் சமன்பாட்டை இவ்வணுவுக்குப் பிரயோகித்தார். இலத்திரன் நேர்கோட்டிற் புரோத்தனை நோக்கிச் செல்கின்றது என்க. அது புரோத்தனை ஒருபோதும் அடைவதில்லை என அவர் நிறுவினார். ஈர்க்கப்பட்டுச் செல்லும் இலத்திரன் இடையில் நின்றுவிடுகின்றது, பின் திரும்புகின்றது, ஈர்ப்பு எத்திசையில் உள்ளதோ அதற்கு எதிர்த்திசையில் மேன்மேலும் விரைந்து, ஒளியின் வேகத்தை அணுகியவாறு என்றென்றைக்குமாக அகன்றோடுகின்றது. தொடக்க நிலைகளை எவ்வாறு தெரிந்தெடுப்பினும் இம்முடிபினின்று தப்ப வழியில்லை. ஈர்ப்பு விலக்காய் முடிகின்றது.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது யாது? முன்னர், ஓடிப்போகும் தீர்வுகள் கணிதத்தின் வேண்டாத எச்சங்கள், அவற்றைத் தள்ளிவிட்டு நல்ல தீர்வுகளைக் கொள்ளலாம் என்பதே நம்பிக்கையாக இருந்தது. எலியேசர் எடுத்துக்கொண்ட நிலையிலோ தள்ளியபின் எஞ்சுவது எதுவும் இல்லை. தனித்த ஓர் இலத்திரனுக்குச் சமாதானம் கூறி ஏற்கத்தக்கதாகத் தோன்றிய கொள்கை, இடைத்தாக்கமுறும் இன்னொரு துணிக்கையை அருகில் வைத்தவுடனே உடைந்து போகின்றது. இடைத்தாக்கமே கொள்கையின் உரைகல் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் கூடாது. இம்முடிபு பிற்காலத்து ஆய்வுலகில் எலியேசர் தேற்றம் என்றே வழங்கி வருகின்றது. சார்பியல் மின்னியக்கவியல் பற்றி 1987 ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்ரீபன் பரொற்றின் நூல் இதனைச் சிறப்பாக எடுத்தாராய்கின்றது.

ஆசிரியரின் சமன்பாட்டை எடுத்து, அஃது எங்கே தவறுகின்றது என மாணவர் நிறுவிய நிகழ்ச்சி இது. குருவின் சொல்லை ஐயுறுதல் குற்றமெனக் கருதும் மனப்பாங்கு நம் கல்விக்கூடங்களில் இன்றும் முற்றாக நீங்கிவிடவில்லை. சமன்பாட்டைக் கற்றறிந்து, அதனை அதன் எல்லைவரை கொண்டு சென்று, அங்கே நிகழ்வதை ஒளிக்காமற் கூறுதலே குருவுக்குச் செய்யும் மரியாதை என்பதற்கு இஃது ஒரு சான்று.

5. எலியேசரின் சமன்பாடு

தேற்றத்துடன் எலியேசர் நின்றுவிடவில்லை. 1947 ஆம் ஆண்டில் இலத்திரன்களுக்கும் மின்காந்தப் புலத்துக்கும் இடையேயுள்ள இடைத்தாக்கம் பற்றிய விரிவான மீளாய்வொன்றை எழுதினார். 1948 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டிற் பழம்பௌதிகத் துணிக்கைகள் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையில் மாற்றுச் சமன்பாடொன்று காணப்படுகின்றது. டிராக்கின் சமன்பாட்டில் எதிர்த்தாக்கம் ஆர்முடுகல் மாறும் வீதத்தைச் சார்ந்தது. எலியேசரின் சமன்பாட்டில் அது புறவிசை மாறும் வீதத்தைச் சார்ந்தது. வேறுபாடு சிறிது போலத் தோன்றும், பயனோ பெரிது. புறவிசை இல்லையேல் எதிர்த்தாக்கமும் இல்லை. ஆதலின் தானே ஓடிப்போகும் தீர்வுகளுக்கு இடமில்லை.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1991 ஆம் ஆண்டில், ஃபோர்ட், ஓகானல் என்னும் இருவர் சொட்டுக் கொள்கையின் வழியே தொடங்கி இவ்வடிவத்தையே வந்தடைந்தனர். இதனால் இன்று இச்சமன்பாட்டிற்கு எலியேசர் - ஃபோர்ட் - ஓகானல் சமன்பாடு என்னும் பெயர் வழங்குகின்றது. மிகவலிய லேசர் ஒளியின் எதிரே விரைந்து செல்லும் இலத்திரன்கள் கதிர்வீசலின் எதிர்த்தாக்கத்தினாற் சக்தி இழப்பதை இங்கிலாந்தில் உள்ள ரதர்ஃபோர்ட் அப்பிள்ற்றன் ஆய்வுகூடத்திற் செய்யப்பட்ட பரிசோதனைகள் வெளிப்படுத்தின. அவற்றின் பெறுபேறுகள் 2018 ஆம் ஆண்டில் வெளிவந்தன. எதிர்த்தாக்கத்தைக் கூறும் சமன்பாடுகள் இவ்வாறு தாளிலிருந்து ஆய்வுகூடத்தை வந்தடைந்துள்ளன. அவற்றின் வரிசையில் எலியேசரின் சமன்பாடும் ஒன்று.

இக்காலப்பகுதியில் இந்தியத் துணைக்கண்டத்திலும் இவ்வினா ஆராயப்பட்டது. பெங்களூரில் ஹோமி பாபாவும் அவர்தம் இளந்துணைவரான ஹரிஷ்-சந்திராவும் புள்ளித்துணிக்கைகளின் பழங்கொள்கையை 1940 களில் ஆராய்ந்தனர். ஹரிஷ்-சந்திராவும் பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று டிராக்கிடமே பயின்றார். ஆகவே எலியேசரின் முயற்சி தனிமரமன்று.

6. பெருவழியும் கிளைவழியும்

வரலாற்றை நடுநிலையுடன் கூறுவதாயின், பௌதிகத்தின் பெருவழி எலியேசர் சென்ற வழியாக அமையவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். 1947 ஆம் ஆண்டில் ஐதரசன் அணுவின் சக்தி மட்டங்களில் லாம் கண்ட நுண்பெயர்ச்சி, தன்தாக்கம் அளக்கத்தக்க உண்மை எனக் காட்டியது. தொமொனாகா, சுவிங்கர், ஃபைன்மன் ஆகியோர் முடிவிலிகளைத் திணிவினுள்ளும் ஏற்றத்தினுள்ளும் அடக்கி எஞ்சியதைக் கணிக்கும் முறையைக் கண்டனர். 1965 ஆம் ஆண்டு நோபல் பரிசை மூவரும் பகிர்ந்தனர். இம்முறையில் அடிப்படைப் பொருள் புலமே. துணிக்கை என்பது புலத்தின் ஓர் அதிர்வு நிலை. துணிக்கைகளின் எண்ணிக்கையும் நிலையானதன்று. அவை தோன்றும், மறையும். யாழ் நரம்பொன்றின் அதிர்வுகளை எண்ணிக் கணக்கிடுவது போன்றே இங்குத் துணிக்கைகள் எண்ணப்படுகின்றன. டிராக் இம்முறையின் கணித நேர்மையை 1984 ஆம் ஆண்டில் மறையும்வரை ஏற்றுக்கொள்ளவில்லை.

பெருவழி வென்றபின்னும் பழைய வினா மறையவில்லை. துணிக்கைகளை மட்டும் கொண்டு, அவற்றின் எண்ணிக்கையை மாற்றாமல், சார்பியலுக்கு அமைவாக இடைத்தாக்கத்தைக் கூற இயலுமா என்பதே அது. 1949 ஆம் ஆண்டில், எலியேசர் கொழும்பிற் பேராசிரியரான அதே ஆண்டில், சார்பியல் இயக்கவியல் மூன்று வடிவங்களில் அமையலாம் என டிராக் காட்டினார். 1951 ஆம் ஆண்டில் பிரவுண், ரேவன்ஹோல் என்னும் இருவர் ஈலியம் அணுவைப் பற்றி ஓர் இடரை எடுத்துரைத்தனர். டிராக்கின் சமன்பாட்டை இரு இலத்திரன்களுக்கு அப்படியே எழுதி இடைத்தாக்கத்தைச் சேர்த்தால், ஓர் இலத்திரன் மறைச் சக்தி நிலைகளின் ஆழத்துக்குச் செல்ல, அச்சக்தியைப் பெற்ற மற்றது அணுவைவிட்டே வெளியேறலாம். மொத்தச் சக்தி மாறுவதில்லை. ஆகவே நிலையான அணுவே கிடையாது. எலியேசர் பழம்பௌதிகத்திற் கண்டதை ஒத்ததொரு செய்தியைச் சொட்டுக் கொள்கையிலும் காண்கிறோம்: தனித்துணிக்கைக்குப் பொருந்திய சமன்பாடு, துணை சேர்ந்தவுடன் அணுவைக் காக்கத் தவறுகின்றது.

இவ்வரலாற்றின் மிகத் தெளிவான முடிபு 1963 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கரி, யோர்டன், சுதர்சன் ஆகிய மூவரும் நிறுவிய இடைத்தாக்கமின்மைத் தேற்றமே அது. சுதர்சன் கேரளத்துப் பள்ளத்திற் பிறந்து, தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்றவர். பிற்காலத்திற் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பணிப்பாளராக விளங்கியவர். அந்நிறுவனம் அல்லாடி இராமகிருஷ்ணனின் முயற்சியால் 1962 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

தேற்றத்தின் பொருளை வருமாறு கூறலாம். மூன்று நிபந்தனைகளை விதிப்போம். முதலாவது, துணிக்கைகளின் தானங்களையும் உந்தங்களையும் கொண்டே இயக்கம் முழுவதையும் கூறல் வேண்டும். இரண்டாவது, எல்லா நோக்குநர்க்கும் விதிகள் ஒன்றே என்னும் சார்பியற் கட்டுப்பாடு காக்கப்படல் வேண்டும். மூன்றாவது, ஒரு துணிக்கை சென்ற பாதையை ஒருவர் ஒரு பாதையாகவும் மற்றவர் வேறொரு பாதையாகவும் காணாமல், அனைவரும் ஒன்றாகவே காணல் வேண்டும். மூன்றும் ஒவ்வொன்றாக நோக்குமிடத்து நியாயமானவையே. மூன்றையும் ஒருங்கே கொண்டால், எத்துணிக்கையும் ஆர்முடுகவியலாது. அனைத்தும் நேர்கோட்டில் ஒரே வேகத்துடன் செல்லும். அதாவது இடைத்தாக்கமே இல்லை. மூவரும் இரு துணிக்கைகளுக்கு நிறுவியதை 1965 ஆம் ஆண்டில் லொய்ற்வைலர் எத்தனை துணிக்கைகளுக்கும் பொதுவாக்கினார்.

ஆகவே இடைத்தாக்கம் வேண்டுமெனின் ஏதேனும் ஒன்றைக் கைவிடல் வேண்டும். புலத்தை ஏற்போர் முதலாவதைக் கைவிடுகின்றனர். 1953 ஆம் ஆண்டில் பக்கம்ஜியான், தோமஸ் ஆகிய இருவர் வகுத்த முறையைப் பின்பற்றுவோர் மூன்றாவதைக் கைவிட்டுக் கருப்பௌதிகக் கணிப்புகளைச் செய்கின்றனர். எதனைக் கைவிடுவது என்பதை அறிந்து தெரிவதற்கு, எல்லாவற்றையும் வைத்திருத்தல் ஆகாது என்பதை முதலில் யாரேனும் நிறுவியிருத்தல் வேண்டும்.

7. பயன்

இவ்வாராய்ச்சிகள் வாழ்வுக்குத் தொலைவானவை என எண்ணுதல் பொருந்தாது. பொன்னின் அணுவெண் 79. அதன் கருவுக்கு மிக அணித்தான இலத்திரன்களின் வேகம் ஒளிவேகத்தின் ஏறக்குறைய 58 வீதம். இதனால் இலத்திரன் மட்டங்கள் இடம்பெயர, பொன் நீல ஒளியை உறிஞ்சி மஞ்சளாகத் தோன்றுகின்றது. சார்பியல் விளைவு இல்லையேற் பொன் வெள்ளியைப் போன்றே வெளுத்திருக்கும். பொன்னை அடுத்துள்ள இரசம் அறைவெப்பநிலையிலே திரவமாக இருப்பதற்கும் சார்பியலே பெருங்காரணம் என்பதை 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த கணிப்பொன்று உறுதிப்படுத்தியது. இத்தகைய கணிப்புகள் யாவற்றிலும் பல பத்து இலத்திரன்களின் இடைத்தாக்கம் கருதப்படல் வேண்டும். பிரவுண், ரேவன்ஹோல் காட்டிய இடரைத் தவிர்ப்பதற்கு, மறைச் சக்தி நிலைகளைத் தொடக்கத்திலேயே விலக்கிச் சமன்பாட்டை அமைக்கும் வழியைச் சூக்கர் 1980 ஆம் ஆண்டில் வலியுறுத்தினார். இடரை அறிந்திராதவர்க்கு இவ்வழியின் தேவையும் புலப்படாது.

8. முடிவுரை

ஒன்றைக் கண்டுபிடித்தவரை உலகம் எளிதில் நினைக்கின்றது. ஒன்று இயலாது எனக் கண்டவரை எளிதில் மறக்கின்றது. சார்பியலிற் பல துணிக்கைகளின் வரலாறோ இயலாமைகளை ஒவ்வொன்றாக அறிந்துகொண்ட வரலாறாகும். 1943 இல் எலியேசரும், 1951 இல் பிரவுண், ரேவன்ஹோல் ஆகியோரும், 1963 இல் சுதர்சன் முதலியோரும் கூறியவற்றிடையே ஒரு தொடர்ச்சி புலனாகின்றது. தனித்த துணிக்கைக்கு ஒரு கொள்கையைச் செய்து முடித்துவிட்டு, இடைத்தாக்கத்தைப் பின்னர் ஒட்டுதல் ஆகாது. இடைத்தாக்கம் அடித்தளத்திலேயே இருத்தல் வேண்டும் என்பதே அத்தொடர்ச்சி. இவ்வரிசையில் எலியேசர் முற்பட்டு நிற்கின்றார். அவர் பெயரை இவ்விடத்தில் வைத்துக் கூறுதலே அவருக்குரிய மதிப்பாகும்.

இனி, மொழி பற்றிய ஒரு சொல். வந்தாறுமூலையில் 1981 ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 ஆம் ஆண்டிற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்தில், விஞ்ஞானம் தொடக்கத்திலிருந்தே கற்பிக்கப்பட்டு வருகின்றது. வாவிக்கரைக் கிராமங்களிலிருந்து அங்கு வரும் மாணவர், பள்ளியிலே தமிழில் இயக்கவியல் பயின்றவர். பல்கலைக்கழகத்தில் அதே பொருளை ஆங்கிலத்திற் கற்கின்றனர். உயர்ந்த பௌதிகத்திற்குத் தமிழிற் சொல் இல்லை என்னும் எண்ணம் அப்போது அவர் உள்ளத்தில் எளிதில் வேரூன்றுகின்றது. இக்கட்டுரையில் நாம் எடுத்தாண்ட துணிக்கை, ஏற்றம், திணிவு, உந்தம், ஆர்முடுகல், புலம், இடைத்தாக்கம், சக்திச்சொட்டு என்பன நம் பாடநூல்களிலும் சொற்றொகுதிகளிலும் நெடுங்காலம் வழங்கிவரும் சொற்களேயாம். எலியேசர் தேற்றத்தைக் கூறுவதற்கு அவற்றுக்கு மேலாக நமக்கு வேண்டியிருந்தது தன்தாக்கம் போன்ற இரண்டொரு சேர்க்கைகளே. சொற்பஞ்சம் எனக் கூறப்படுவது பெரும்பாலும் எழுதுவோர் பஞ்சமே.

விபுலாநந்த அடிகளார் யாழ் நூலில் நரம்புகளின் அதிர்வைக் கணித்துத் தமிழிசையை ஆராய்ந்தார். கணிதமும் தமிழும் ஒரே கையில் இருக்கலாம் என்பதற்கு அந்நூல் சான்று. எலியேசரின் ஆய்வுக்கட்டுரைகள் ஆங்கிலத்தில் உள்ளன. அவை அவ்வாறே உலகிற்குப் பயன்படட்டும். அவற்றின் பொருளைத் தமிழில் விரித்துரைக்கும் பணி இன்னும் தொடக்கநிலையிலேயே உள்ளது. கணிதமும் பௌதிகமும் பயிலும் நம் மாணவர்கள் அதனை ஏற்றுச் செய்தல் வேண்டும். 1943 ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தமிழிற் பெயர்த்து விளக்கவுரையுடன் வெளியிடுதல் அதற்குத் தக்க முதற்படியாக அமையும்.